ஜான் கோல்ட்ரேனின் சாதகம்



நம்முடைய வித்வான்களையும் வாக்கேயகாரர்களையும் பற்றிப் பேசுவதே வழக்கமாயிருக்கும் இந்த மேடையில், அமெரிக்க தேசத்தின் தென்பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்து, ஜாஸ் என்னும் இசை மரபில் சாக்ஸபோன் வாசித்து, நாற்பதே வயதில் மறைந்த ஒரு கறுப்பினக் கலைஞரைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று நான் தெரிவித்தபோது, மறுசொல் இன்றி இசைந்த அமைப்பாளர்களுக்கு முதற்கண் என் நன்றி. ஜான் கோல்ட்ரேன் என்பது அக்கலைஞரின் பெயர். அவர் கையாண்ட வாத்தியம் நமக்கு அந்நியமானது அன்று. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் 1846-ல் பாரீஸ் நகரில் காப்புரிமை பெற்ற அக்கருவியைக் கத்ரி கோபால்நாத் அவர்கள் தம் விடாமுயற்சியால் கர்நாடக சங்கீத மேடையில் ஏற்றி, கமகங்களைத் தாங்கும் திறம் அதற்கு உண்டு என்பதை நம் செவிகளுக்கே நிரூபித்துச் சென்றிருக்கிறார். ஆகவே வாத்தியத்தைப் பற்றிய பீடிகை இங்கே வேண்டியதில்லை. மனிதரிடமே நேராகச் செல்லலாம்.

அவரைப் பற்றி நான் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். ஒரு வித்தையில் அரும்பாடுபட்டுச் சித்தி பெற்றவர், எஞ்சிய ஆயுளை அச்சித்தியின் பலத்திலேயே கழிப்பது உலக வழக்கம். அதில் குற்றம் காண்பதற்கும் ஒன்றுமில்லை. கோல்ட்ரேனோ, தாம் அடைந்த ஒவ்வொன்றையும் அடைந்த மாத்திரத்திலேயே விட்டு நீங்கி, அடுத்ததன் முன்னே மறுபடியும் பாலபாடம் கேட்கும் மாணவராகப் போய் நின்றார். தம் பெயரில் இசைத்தட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கிய 1957 முதல் மறைந்த 1967 வரை உள்ள பத்து ஆண்டுகளுக்குள், ஒருவர் வாசித்ததா இவ்வளவும் என்று ஐயுறும்படி அவருடைய பாணி மாறிக்கொண்டே சென்றது. அம்மாறுதல்களைப் புதுமை மோகம் என்று கொள்பவர்கள் அவரைத் தவறாக அறிந்தவர்கள் என்பது என் துணிபு. அவை யாவும் இடையறாத அப்பியாசத்தின் விளைவுகள்.

1926-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி வட கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் ஹை பாயின்ட் நகரில். தையல் தொழில் செய்த தந்தையார் ஓய்வு நேரத்தில் வயலின் வாசிப்பவர். பாட்டனார் இருவரும் மெதடிஸ்ட் சபையின் போதகர்கள். தேவாலயத்தில் பிரசங்கியின் குரல் படிப்படியாக உயர்ந்து, உரையாக இருந்தது இசையாக மாறும் அந்தச் சந்தி, கோல்ட்ரேனின் வாசிப்பில் கடைசி நாள் வரையில் கேட்டுக்கொண்டே இருந்தது. 1938-ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலுமாக, அவருக்குப் பன்னிரண்டு வயது நிரம்பிய சமயத்தில், பாட்டனாரும் தந்தையும் உட்படக் குடும்பத்தின் மூத்தோர் பலர் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்துக் காலமானார்கள். ஏறக்குறைய அந்தக் காலத்திலேதான் அச்சிறுவன் வாத்தியத்தைக் கையில் எடுத்து, பிறகு கீழே வைக்காதவன் ஆனான்.

1943-ல் பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர் அன்னையார் வாங்கிக்கொடுத்த ஆல்ட்டோ சாக்ஸபோனில் பயின்றுகொண்டிருந்தபோது, 1945-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் வாசிப்பை நேரில் கேட்க நேர்ந்தது. அது அவரை முற்றும் ஆட்கொண்டது. கடற்படையில் ஓராண்டு, பெரும்பாலும் ஹவாய்த் தீவில், கழித்துத் திரும்பிய பின், அடுத்த பத்தாண்டுகள் வரையில் அவருடைய வரலாறு பெரிய வித்வான்களின் குழுக்களில் பின்வரிசையில் அமர்ந்து வாசித்த ஒருவரின் வரலாறுதான். டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழு, ஜானி ஹாட்ஜஸின் குழு என்று அப்பட்டியல் நீளும். அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆல்ட்டோவை விட்டு, அதனினும் கனத்த நாதமுடைய டெனர் சாக்ஸபோனுக்கு அவர் மாறியது இக்காலத்தில்தான். ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: 1955-ல் டிரம்பெட் வித்வான் மைல்ஸ் டேவிஸ் தம் ஐவர் குழுவுக்கு அழைத்தபோது கோல்ட்ரேனுக்கு வயது இருபத்தொன்பது, அந்நாள் வரையில் அவர் பெயரை அறிந்த ரசிகர் சொற்பமே. இளமையிலேயே சுடர்விட்ட மேதைகளின் கதைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு, இவ்வளவு மெதுவாகக் கனிந்த ஒரு கலைஞரின் சரித்திரம் விசேஷமான ஆறுதலைத் தருகிறது.

அக்காலத்தில் அவர் செய்த அப்பியாசத்தைப் பற்றி உடனிருந்தோர் சொல்லியிருப்பவை நம் குருகுலக் கதைகளை ஒத்தவை. கச்சேரிக்கு முன்பும், இடைவேளையிலும், கச்சேரி முடிந்து அறைக்குத் திரும்பிய பின்பும் சாதகம். அயல்வீட்டாருக்கு இடைஞ்சலாகும் வேளைகளில், ஊதாமலே சாவிகளின்மேல் விரல்களை மட்டும் ஓட்டி, மனத்துக்குள் நாதத்தைக் கேட்டுக்கொண்டு சாதகம். நிக்கலஸ் ஸ்லோனிம்ஸ்கி தொகுத்த ஸ்வர வரிசைகளின் பெருநூலை வைத்துக்கொண்டு, பியானோக்காரர்களுக்கு என்று எழுதப்பட்டவற்றையும் தம் வாத்தியத்தில் ஏற்றிப் பார்த்தார். பிலடெல்பியாவில் டென்னிஸ் சாண்டோல் என்னும் ஆசிரியரிடம் அவர் முறையாகப் பாடமும் கேட்டதுண்டு.

இவ்வளவு சிரத்தை உடையவரைத்தான் அக்காலத்து ஜாஸ் கலைஞர் பலரைப் பீடித்த ஹெராயின் பழக்கமும் மதுவும் பற்றிக்கொண்டன. அதன் காரணமாகவே 1957-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மைல்ஸ் டேவிஸ் அவரைக் குழுவினின்றும் நீக்கினார். பிலடெல்பியாவில் அன்னையின் இல்லத்துக்குத் திரும்பிய கோல்ட்ரேன், மருந்தோ மாற்றோ இன்றி, நரக வேதனையைப் பொறுத்து, அவ்விரண்டையும் கைவிட்டார். தெய்வ அருளால் அவ்வாண்டில் தமக்கு ஓர் ஆத்ம விழிப்பு நேர்ந்தது என்றும், பிறரை இசையால் இன்புறுத்தும் வரத்தையே அப்போது வேண்டிக்கொண்டதாகவும், ஏழாண்டுகளுக்குப் பின் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் உறையில் அவரே எழுதினார். இதனை நான் அலங்காரமாகக் கருதவில்லை. அதன்பிறகு அவர் செய்த ஒவ்வொன்றும் அந்தப் பிரார்த்தனைக்கு உடன்பட்டே நடந்தது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் அவருக்கு வாய்த்த பேறு, பியானோ மேதை தெலோனியஸ் மாங்கின் சகவாசம். நியூயார்க் நகரில் ஃபைவ் ஸ்பாட் என்னும் சிறிய விடுதியில் மாதக்கணக்காக இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். மாங்க் பியானோவை விட்டு எழுந்து மேடையில் ஆடத் தொடங்கிவிடுவார். பக்கபலமாக இருந்த பியானோவின் சுரக்கூட்டுகள் திடீரென்று விலகிவிட, டபுள் பாஸும் டிரம்ஸும் மட்டும் துணையாய் நிற்க, கோல்ட்ரேன் பாட்டின் அமைப்பு முழுவதையும் தம் நினைவிலேயே தாங்கி மனோதர்மத்தை விரிக்க வேண்டியதாயிருக்கும். இதைவிடக் கடுமையான குருகுலம் வேறு எங்கே கிடைக்கும்? அவர்கள் இருவரும் அவ்வாண்டு நவம்பரில் கார்னகி ஹாலில் வாசித்ததன் ஒலிநாடா, ஏறக்குறைய அரை நூற்றாண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அடுக்குகளில் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, 2005-ல் வெளிப்பட்டது. சிறந்த ஆசிரியருக்கு அருகில் ஒரு மாணவன் தன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்பதை அதில் கேட்கலாம்.

இனி, 1959-ஆம் ஆண்டின் இரண்டு வாரங்களுக்கு வருகிறேன். அவருடைய இசை வாழ்க்கையின் மர்மம் முழுவதும் இந்தப் பதினைந்து நாட்களுக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே சற்று நின்று விளக்க விரும்புகிறேன்.

ஜாஸ் இசையில் மனோதர்மம் என்பது, 'கார்டு' என்று நம் சினிமா இசைக்காரர்களும் வழங்கும் சுரக்கூட்டுகளின் வரிசை ஒன்று சுழன்றுகொண்டே இருக்க, அதன்மேல் புதிய சஞ்சாரங்களைக் கணந்தோறும் இயற்றிச் செல்வது. சார்லி பார்க்கரின் தலைமுறை அவ்வரிசையை மிகவும் நெருக்கியது; கோல்ட்ரேன் அதன் எல்லையையே கண்டுவிட முயன்றார். 1959 மே மாதம் 4, 5 தேதிகளில் அவர் பதிவு செய்த இசைத்தட்டின் தலைப்பு உருப்படியாகிய 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்', ஸ்தாயியை மூன்று சமபாகங்களாகப் பிரித்து, அம்மூன்று ஸ்தானங்களுக்கும் மாறி மாறித் தாவுகிறது. நம் பரிபாஷையில் சொல்வதானால், ஷட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம் ஆகிய மூன்றையும் முறைமுறையாக ஆதார ஷட்ஜமாகக் கொண்டு, ஓரிரு விநாடிக்கு ஒருமுறை கிரகபேதம் செய்வது போன்றது அது. அதுவும் மூச்சுவிட இடமில்லாத துரித காலத்தில். கோல்ட்ரேன் அதைப் பல மாதங்கள் அப்பியசித்திருந்தார். பியானோ வாசித்த டாமி ஃப்ளானகனோ தேர்ந்த வித்வான். அவர்கூடத் தம் முறை வந்தபோது தயங்கித் தயங்கி நடப்பதை அந்தப் பதிவில் நாம் கேட்கிறோம். பல ஆண்டுகளுக்குப் பின், 1982-ல், கோல்ட்ரேனின் நினைவுக்கு அஞ்சலியாக ஃப்ளானகன் அதே உருப்படியைத் தாமே எடுத்துப் பதிவு செய்தார் என்பதை இங்கே மரியாதையுடன் குறிப்பிட வேண்டும்.

இப்பதிவுக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான், ஏப்ரல் 22-ஆம் தேதி, மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டின் இரண்டாம் பதிவில் இதே கோல்ட்ரேன் அமர்ந்திருந்தார். அந்த இசைத்தட்டின் நெறி முற்றிலும் மாறானது. மார்ச் மாதத்தில் பதிவான அதன் முதல் உருப்படியில் எட்டு எட்டாக வரும் தாள அளவுகளுக்கு ஒரே ஸ்வர வரிசைதான். அவ்வரிசையோ நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களையே உடையது. இடையில் ஒருமுறை அது அரை ஸ்வரம் மேலே ஏறித் திரும்புகிறது. வேறு மாற்றம் கிடையாது. சுரக்கூட்டுகளின் நெருக்கடி நீங்கிய வெட்டவெளியில், ஒரு மேளத்தின் ஸ்வரங்களை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும் என்பதே அங்கே கேள்வி.

ஆக, ஒரே பருவத்தில் ஒரே மனிதர், ஸ்வர ஸ்தானங்களின் மிக நெருங்கிய காட்டையும் மிக விரிந்த பாலையையும் கடந்து பார்த்துவிட்டார். 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்' அவரை உலகப் புகழ் பெறச் செய்யும் தகுதி உடையது. இன்றைக்கும் சாக்ஸபோன் பயிலும் மாணவர்கள் அதைத் தங்களுடைய அக்கினிப் பரீட்சையாகக் கொள்கிறார்கள். ஆனால் அதை இயற்றியவர் அதில் தங்கவில்லை. சிக்கலின் உச்சியை அடைந்தவர் அதை விட்டிறங்கி, ஒரே ஆதாரத்தை ஊன்றி நிற்கும் இசையின் பக்கம் திரும்பினார். அதன்பின் அவர் சென்ற வழி, ராகத்தை ஒரே ஸ்ருதியில் நிறுத்தி விஸ்தாரம் செய்யும் மரபில் வந்த நமக்குப் பெரும்பாலான மேனாட்டு விமர்சகர்களைவிடச் சுலபமாகப் புரியும்.

1960 அக்டோபரில், பிராட்வே நாடகம் ஒன்றில் பிரசித்தமாகியிருந்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்னும் எளிய மெட்டை எடுத்து, ஏறக்குறைய பதினான்கு நிமிஷங்கள் வாசித்துப் பதிவு செய்தார். அதில் அவர் எடுத்த வாத்தியம் நேராக நீண்டிருக்கும் சோப்ரானோ சாக்ஸபோன். அதன் கூரிய நாதம் கோயில் வீதியில் தூரத்திலிருந்து வரும் நாகஸ்வரத்தை நம்மவர் யாருக்கும் நினைவூட்டும். பியானோவில் மக்காய் டைனர் இரண்டே சுரக்கூட்டுகளை அலைபோல் திரும்பத் திரும்ப எழுப்ப, டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ் ஒரு நடைக்குள் மற்றொரு நடையைப் பின்னிச் செல்ல, மெட்டு மெல்ல மெல்லத் தன் நாடக உடையைக் களைந்து ஒரு தியானமாகி விடுகிறது. டபுள் பாஸில் ஜிம்மி கேரிசன் 1961-ன் இறுதியில் வந்து சேர்ந்த பிறகு அமைந்த நால்வர் குழு, ஜாஸ் சரித்திரத்தின் ஒப்பற்ற குழுக்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

அவ்வாண்டு நவம்பரில் வில்லேஜ் வேன்கார்டு விடுதியில் அவர் வாசித்த ஓர் உருப்படிக்கு 'இந்தியா' என்றே பெயர். இரு டபுள் பாஸ்கள் ஸ்ருதி போல் ஒலிக்க, எரிக் டால்ஃபி என்னும் அருமையான கலைஞர் பாஸ் கிளாரினெட்டுடன் உடன் நிற்க, ஒரே ஆதாரத்தின்மேல் எழுந்தது அது. ரவிசங்கரின் இசைத்தட்டுகளைக் கோல்ட்ரேன் ஆழ்ந்து கேட்டுவந்தார். பிறகு அவரை நேரில் சந்தித்து ராக லட்சணங்களைப் பற்றி விசாரித்தும் அறிந்தார். ஆயினும் 'இந்தியா'வில் நம் ராகங்களைத் தேடுவது வீண் வேலை. கமகம் இல்லை, ஆரோகண அவரோகண நியதி இல்லை, தாளக் கட்டும் நம்முடையது அன்று. அவர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு கொள்கையை மட்டுமே: ஆதாரம் அசையாமல் இருந்தால் கற்பனை எவ்வளவு தூரமும் போய் வரலாம் என்பதை. வெளித்தோற்றத்தை அள்ளிக்கொண்டு போன பிற்காலத்தார் பலரோடு ஒப்பிடும்போது, இந்த நாணயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அமெரிக்காவிலேயே அப்போது அவருக்குக் கிடைத்தது பாராட்டு மட்டுமன்று. 'டவுன் பீட்' பத்திரிகையில் ஒரு விமர்சகர், கோல்ட்ரேனும் டால்ஃபியும் வாசிப்பது ஜாஸுக்கே விரோதமானது என்று எழுதினார். மறு ஆண்டு அதே பத்திரிகையில் இருவரும் கோபமின்றி விளக்கம் தந்தார்கள்.

1963 செப்டம்பர் 15 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பினத்தாரின் தேவாலயம் ஒன்றில் நிறவெறியர் வைத்த வெடிகுண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. இரண்டு மாதங்கள் கழித்துக் கோல்ட்ரேன் 'அலபாமா' என்னும் சிறு உருப்படியைப் பதிவு செய்தார். பியானோவின் தாழ்ந்த ஸ்வரங்கள் அதிர்ந்துகொண்டிருக்க, அதன்மேல் சாக்ஸபோன் அநிபத்தமாய், தாளத்துக்கு உட்படாமல், ஒவ்வொரு வாக்கியமாகப் பேசுகிறது. அச்சிறுமியருக்காக மார்டின் லூதர் கிங் ஆற்றிய இரங்கலுரையின் ஏற்ற இறக்கங்களைத் தழுவியது அது என்று சொல்வாருண்டு. அது எப்படியாயினும், வாத்தியம் ஒன்று இவ்வளவு தெளிவாகத் துக்கம் விசாரிப்பதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

வாத்தியம் பேசும் இந்த வித்தை முழுமை எய்தியது 'அ லவ் சுப்ரீம்' என்னும் படைப்பில். லாங் ஐலண்டில் டிக்ஸ் ஹில்ஸ் என்னுமிடத்தில் இருந்த தம் இல்லத்தின் மேல்மாடியில் சில நாட்கள் தனித்திருந்து அதை இயற்றினார் என்று அவர் மனைவி ஆலிஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். 1964 டிசம்பர் 9-ஆம் தேதி, நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரே இரவில் நால்வரும் அதை வாசித்து முடித்தார்கள். நான்கு பகுதிகள் உடையது. முதற்பகுதியில் நான்கே ஸ்வரங்கள் கொண்ட ஒரு சிறு சஞ்சாரத்தைப் பன்னிரண்டு ஸ்தானங்களிலும் ஏற்றி ஏற்றி வாசிக்கிறார். எங்கும் நிறைந்த ஒன்றை எத்திசையில் திரும்பினும் காணலாம் என்பதை ஸ்வரங்களால் சொல்லும் செயல் அது. பின்பு வாத்தியத்தைத் தாழ்த்திவிட்டு, வாயாலேயே 'அ லவ் சுப்ரீம்' என்னும் நாமத்தை ஜபம்போல் உருவேற்றுகிறார். நான்காம் பகுதியைக் கேட்பவர், தாளமின்றி ஒரு நீண்ட ஆலாபனை நிகழ்வதாகவே முதலில் எண்ணுவார். உண்மை வேறு. இசைத்தட்டின் உறையில், கடவுளுக்கு நன்றி கூறித் தாம் எழுதிய ஒரு கவிதையைக் கோல்ட்ரேன் அச்சிட்டிருக்கிறார். அக்கவிதையின் ஒவ்வோர் அசைக்கும் ஒரு ஸ்வரமாக, சொல்லுக்குச் சொல் அவர் வாத்தியம் ஓதிக்கொண்டு போகிறது. கீர்த்தனத்தை வாசிக்கும் நாகஸ்வர வித்வானுக்கு சாகித்தியம் முழுவதும் நெஞ்சில் இருக்கவேண்டும், அதன் பதச்சேதம் குழலில் தெரியவேண்டும் என்று நம் பெரியோர் விதித்தார்களே, அந்த விதியை அவர்களை அறியாத ஒருவர் தம் பக்தியின் வேகத்தினாலேயே கண்டடைந்திருக்கிறார்.

இவ்வளவு பெரிய படைப்பையும் அவர் எப்படி நடத்தினார் என்று பாருங்கள். முழுமையாக அதை மேடையில் வாசித்ததற்குச் சான்றுள்ள சந்தர்ப்பங்கள் மிகச் சில. 1965 ஜூலையில் பிரான்சின் ஆன்தீப் நகரிலும், அக்டோபரில் சியாட்டில் நகரிலும் நிகழ்ந்தவை அவற்றுள் சேரும். ரசிகர்கள் அதையே எதிர்பார்த்திருக்கும்போது அவர் வேறிடம் போய்விட்டிருந்தார். இதற்கு ஒரு விலக்கு உண்டு. 'மை ஃபேவரிட் திங்ஸ்' மெட்டை மட்டும் கடைசி வரையில் அவர் கைவிடவில்லை. ஆனால் 1966-ல் ஜப்பானில் அது ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீண்டு, முதல் வடிவை அறிந்தவர்கள் அடையாளம் காண அரிதாகும்படி மாறியிருந்தது.

1965 ஜூன் மாதத்தில் தம்மையும் சேர்த்துப் பதினொருவரைக் கூட்டி அவர் பதிவு செய்த 'அசென்ஷன்' முதற்கொண்டு வரும் கடைசி இரண்டு ஆண்டுகளின் இசை, அன்பர்களையே இரண்டு கட்சிகளாகப் பிரித்தது. நிலைத்த தாளம் போயிற்று. ஸ்வரம் சில சமயம் கூக்குரலாயிற்று. சாக்ஸபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸ் வந்து சேர்ந்தார்; அவ்வாண்டின் முடிவில் டைனரும், சற்றுப் பின்னர் ஜோன்ஸும் பிரிந்து சென்றார்கள்; பியானோவில் ஆலிஸும் டிரம்ஸில் ரஷீத் அலியும் அமர்ந்தார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், 'அசென்ஷன்' அதன் நோக்கத்தின் உயரத்தை எட்டவில்லை. கூட்டம் மிகுந்த இடத்தில் கோல்ட்ரேனின் தனிக்குரல் கரைந்துபோகிறது. ஆனால் 1967 பிப்ரவரியில் ரஷீத் அலியுடன் இருவராகவே, வேறு துணையின்றி, அவர் பதிவு செய்து அவர் மறைவுக்குப் பின் வெளியான 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' அவ்வாறானதன்று. மேலெழுந்தவாரியாகக் கேட்பவருக்குக் குழப்பமாகத் தோன்றும் அதில், சிறு சிறு ஸ்வரக் கட்டுகளைக் கோத்தும் பிரித்தும் செல்லும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிலடெல்பியாவில் இரவெல்லாம் விரலோட்டிய அந்த மாணவரின் ஒழுங்குதான் அது.

1966-ன் ஜப்பான் பயணத்தின்போது நாகசாகிக்குச் சென்று, அணுகுண்டால் மாண்டோருக்காகப் பிரார்த்தித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் ஹார்லெமில் வாசித்தார். 1967 ஜூலை 17-ஆம் தேதி, கல்லீரல் புற்றுநோயினால், லாங் ஐலண்டின் மருத்துவமனை ஒன்றில் காலமானார். ரவிசங்கரிடம் முறையாகப் பயில வேண்டும் என்று அவர் கொண்டிருந்த திட்டம் நிறைவேறாமலே போயிற்று. 1965-ல் பிறந்த தம் மகனுக்கு அவர் ரவி என்று பெயரிட்டிருந்தார். அவரும் இன்று பெயர் பெற்ற சாக்ஸபோன் கலைஞர். ஆலிஸ் அம்மையார், கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்காவில் யோகம் போதித்த சுவாமி சச்சிதானந்தரைத் தம் வழிகாட்டியாகக் கொண்டார். 1971-ல் வெளியான அவருடைய இசைத்தட்டு ஒன்று அச்சுவாமிகளின் பெயரையே தாங்கி, தம்பூரின் நாதத்துடன் தொடங்குகிறது. கோல்ட்ரேன் தொடங்கிய தேட்டம் இவ்வண்ணம் அவர் குடும்பத்தின் வழியாக நம் கொங்கு நாட்டு மண்ணையும் வந்து தொட்டது. 2007-ல் புலிட்சர் அமைப்பினர் கோல்ட்ரேனுக்கு மரணத்துக்குப் பின்னான சிறப்பு விருதை வழங்கினார்கள்.

அவரைக் கேட்கத் தொடங்க விரும்புவோர் எவ்வாறு தொடங்கலாம் என்று சொல்லி முடிக்கிறேன். கடைசிக் காலத்துப் பதிவுகளை முதலில் எடுத்து அஞ்சி விலகிவிட வேண்டாம். 1961, 62-ஆம் ஆண்டுகளில் நால்வர் குழுவுடன் அவர் விளம்ப காலத்தில் வாசித்த மெல்லிய பாடல்களின் தொகுதியாகிய 'பாலட்ஸ்' முதலில் வரட்டும். நாதத்தின் அழகு அதில் மறைப்பின்றித் தெரியும். பின்பு 'மை ஃபேவரிட் திங்ஸ்', அதன்பின் 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்'. இவை செவிக்குப் பழகிய பிறகு 'அ லவ் சுப்ரீம்' இசைத்தட்டை எடுத்து, நான்காம் பகுதி வரும்போது உறையில் உள்ள கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு, வரிவரியாக விரல்வைத்துத் தொடர்ந்து கேளுங்கள்.